திறவுகோல் யாரிடம் இருக்கிறது?

இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல்லைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் வணிக நிறுவனங்கள் பல. ஆனால், அலுவலகக் கணினிகளை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்று வினவினால், பொருத்திச் சென்ற பணியாளருக்குத்தான் தெரியும் என்பதே பெரும்பாலும் விடை. இந்நிலை மாற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

2016 பிப்ரவரியில், போலி ஆணைகள் மூலம் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குக் கடத்தப்பட்டது. அங்கே ஃபயர்வால் இல்லை என்றும், சுமார் 10 டாலர் விலையுள்ள பழைய ஸ்விட்சுகளே இருந்தன என்றும் விசாரணை அதிகாரி ஒருவர் கூறினார். கொள்ளைக்கு அது ஒன்றே காரணம் அன்று. எனினும் சிறு பெட்டியை அலட்சியம் செய்வதன் விலையை அது உணர்த்துகிறது.

விலையுயர்ந்த ஸ்விட்சை வாங்கினால் மட்டும் போதாது. டெல்நெட் என்னும் பழைய முறையில் அதனுள் நுழைந்தால், கடவுச்சொல் அஞ்சலட்டை வாசகம்போல மறைவின்றிச் செல்கிறது. இதற்கு மாற்றாக, தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையைப் பின்லாந்தின் டாட்டு உலோனென் 1995இலேயே உருவாக்கிவிட்டார். தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதே அதற்குத் தூண்டுகோல்.

சிறு நிறுவனத்தில் திருட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். வங்கியின் இணையதளத்துக்குச் செல்லும் தகவல் குறியாக்கம் பெற்றே செல்கிறது. அலுவலகத்துக்குள் உலவும் விலைப்பட்டியல்களுக்கும் கணக்கு மென்பொருள் தகவல்களுக்கும் அந்த உறுதி இல்லை. ஸ்விட்சைக் கைப்பற்றியவர் அவற்றைப் படியெடுக்க முடியும். விலைப்பட்டியலில் வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்டால், வாடிக்கையாளர் தாமே மனமுவந்து கள்வருக்குப் பணம் அனுப்புகிறார். அதனை மீட்பது வங்கிக்கும் அரிது.

செய்ய வேண்டியவை சிலவே. ஸ்விட்சுடன் வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுக. டெல்நெட்டை முடக்கி எஸ்.எஸ்.எச். இரண்டாம் பதிப்பை மட்டும் அனுமதிக்க. குறிப்பிட்ட ஓரிரு கணினிகளிலிருந்து மட்டுமே நிர்வாகப் பக்கம் திறக்குமாறு அமைக்க. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிப் பயனர் பெயர் வழங்கி, விலகுவோரின் பெயரை அன்றே நீக்குக. ஸ்விட்சைப் பூட்டிய அறையிலோ அலமாரியிலோ வைக்க.

திறன்மிக்க பணியாளருக்கு இது சில மணி நேர வேலைதான். பணி முடிந்ததும் புதிய கடவுச்சொல்லை உறையிலிட்டு, உரிமையாளரே தம் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளட்டும். கல்லாப்பெட்டியின் சாவியைப் பிறரிடம் விட்டு வீடு திரும்பும் வணிகர் எவருமில்லை. இந்தச் சாவிக்கும் அதே மதிப்பு வேண்டும்.