பராயிழ் படிக்க எந்தப் புத்தகம்?

உயர்தரப் பரீட்சைக்குப் பின் சட்டம் படிக்க ஆசைப்படும் மாணவிகள் எங்களில் பலர் இருக்கிறார்கள். சட்டக் கல்லூரியா, கொழும்பா, பேராதனையா என்று பேசும்போதே அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது: "வாரிசுரிமைப் பாடத்துக்கு யாருடைய டியூட் நல்லது?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்த டியூட் எந்த நாட்டுக்கு, எந்த மத்ஹபுக்கு எழுதப்பட்டது?

கண்டியில் வாழும் எங்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை. ஒரே வீதியில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு இங்கே வெவ்வேறு வாரிசுரிமைச் சட்டங்கள். கண்டிச் சிங்களவருக்கு 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தகப்பன் உயிரோடிருக்கையில் தீக விவாகம் செய்து போன மகளுக்கு அவருடைய பரவேணிச் சொத்தில் உரிமை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழருக்குத் தேசவழமை. மலையகத் தமிழருக்கும் கரையோரச் சிங்களவருக்கும் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எங்களுக்கு, மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிம்கள் பற்றிய 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு இறந்தால், 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குக் கால் காலாகப் பங்கு. எங்கள் சட்டத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு 7/12, மகளுக்கு 7/24.

1931ஆம் ஆண்டுச் சட்டம் மிகச் சிறியது. பங்குகளின் பட்டியல் எதுவும் அதில் இல்லை. இறந்தவர் எந்தப் பிரிவைச் சார்ந்தவரோ அந்தப் பிரிவின் முஸ்லிம் சட்டமே செல்லும் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பிழையான புத்தகம் பெரிய தீங்கு செய்வது இந்த இடத்தில்தான். இந்த நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் (மேமன் சமூகத்தார் ஹனபிகள்). ஆனால் ஆங்கிலத்தில் இலகுவாகக் கிடைக்கும் நூல்களும் இணையக் குறிப்புகளும் பெரும்பாலும் இந்திய மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றின் அடிப்படை ஹனபிச் சட்டம். 1792இல் சேர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆங்கிலமாக்கிய ஸிராஜிய்யா ஒரு ஹனபி நூல். முல்லாவின் புகழ்பெற்ற பாடநூலிலும் முதலிடம் ஹனபிச் சட்டத்துக்கே.

என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கட்டும். ஒரு பெண் இறக்கிறார். கணவர், தாய், தாய்வழிச் சகோதரர் இருவர், உடன்பிறந்த சகோதரர் ஒருவர் இருக்கிறார்கள். கணவருக்கு 1/2, தாய்க்கு 1/6, தாய்வழிச் சகோதரர் இருவருக்கும் சேர்த்து 1/3. சொத்து முடிந்துவிட்டது. எஞ்சியதை எடுக்க வேண்டிய உடன்பிறந்த சகோதரருக்கு எஞ்சியது ஒன்றுமில்லை. ஹனபி நூல் அத்தோடு விட்டுவிடும். ஷாபிஈ நூலோ அந்த மூன்றில் ஒரு பங்கில் அவரையும் சேர்த்து, ஆளுக்கு 1/9 கொடுக்கும். இதற்குக் 'கழுதை வழக்கு' என்று ஒரு பெயரும் உண்டு. உமர் (ரழி) அவர்களிடம் வந்த உடன்பிறந்தவர்கள், "எங்கள் தகப்பனைக் கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தாய் ஒருத்திதானே?" என்று வாதாடியதாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு நல்ல வாதத்தை இன்றைய சட்டத்தரணிகளும் எப்போதாவதுதான் செய்வார்கள்!

ஆகவே என் தெரிவு இது. முதலில் கட்டளைச் சட்டத்தின் மூலப்பிரதி. அடுத்து ஒரு ஷாபிஈ பராயிழ் நூல். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பாட்டாகவே எழுதப்பட்ட ரஹபிய்யா மனனத்துக்கென்றே ஆக்கப்பட்டது. மத்ரஸாவில் ஓதிய சகோதரரோ மாமாவோ வீட்டிலிருந்தால் அவரிடம் பாடம் கேட்கலாம். பிறகு கடந்தகால வினாத்தாள்களும் ஒரு பென்சிலும்.

தொலைபேசியில் பங்கு பிரிக்கும் செயலிகளை விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கணவர், தாய், இரண்டு மகள்மார் என்று போட்டால் 3/13, 2/13, 8/13 என்று விடை வரும். பன்னிரண்டு எப்படிப் பதின்மூன்றானது? பங்குகள் சொத்தை விடக் கூடினால் எல்லோருடைய பங்கையும் விகிதப்படி குறைக்கும் 'அவ்ல்' முறை அது என்று சில செயலிகள் சொல்வதில்லை. பரீட்சகர் கேட்பது அதைத்தான். நாளை உங்களிடம் வரும் விதவையும் அதைத்தான் கேட்பார்.

மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தது. 2023இல் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. தமிழில் விடை எழுதும் உரிமை தப்பியது. விடை எழுத முன்னர் படிப்பதற்குத் தமிழ் நூல்கள் வேண்டுமே! அதுவரை ஆங்கிலம், தமிழ், அரபு மூன்றிலும் சொற்களை எழுதிவைக்கும் ஒரு கொப்பி எந்த விலையுயர்ந்த டியூட்டையும் விடப் பயன் தரும் என்பது என் கருத்து.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மகளுக்குத்தான் சீதனமாக வீடு கொடுத்தாச்சே, இனி என்ன பங்கு?" என்ற பேச்சு எங்கள் ஊர்களில் சாதாரணம். கலியாணத்துக்குப் பெற்றதைக் கணக்கில் கழிக்கும் விதி 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பராயிழில் அப்படியொரு விதி இல்லை. வாப்பா உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. மௌத்துக்குப் பின் வருவது ஸூரத்துன் நிஸாவின் 11ஆம் வசனம் மகளுக்கு வைத்த பங்கு. அந்த வீடும்கூட உறுதியாக அவளுடையதா என்று பார்க்க வேண்டும். 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, திரும்பப் பெறமுடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால் அந்த நன்கொடையைக் கொடுத்தவர் திரும்ப எடுக்க இடமிருக்கிறது. அடுத்த முறை நொத்தாரிசிடம் போகும்போது, கையொப்பமிட முன் அந்த வசனம் எழுதியிருக்கிறதா என்று மகளையே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.