உள்ளே போனவர் எங்கே?

கல்வராயன் மலையில் பெய்கிற மழை இறங்கி வந்து, கச்சிராயபாளையம் பக்கத்தில் கோமுகி அணையில் சேருகிறது. மழை முடிந்து, கள்ளக்குறிச்சி வட்டார ஏரிகளும் நிரம்பி, செடி கொடி பிடித்த பிறகு கரையில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். வாத்துக்குஞ்சு மாதிரி ஒன்று மிதக்கும். பக்கத்தில் இருப்பவரை 'இங்கே பாருங்க சார்!' என்று கூப்பிடுவதற்குள் முங்கிவிடும். "ஒண்ணும் காணோமே?" என்பார் அவர். உங்கள் மானம் போனபின், சற்றுத் தள்ளி சாவகாசமாகத் தலை தூக்கும்.

அதுதான் முக்குளிப்பான். வாத்துக்கு இது சொந்தமே இல்லை. நீளம் ஓரடிக்கும் குறைவு. வால் பேருக்குத்தான். கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் நீரில் துடுப்பு, தரையில் தடுமாற்றம். விரல்களுக்கு நடுவே வாத்து மாதிரி சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடல். குரலோ, குட்டிக் குதிரை கனைக்கிற மாதிரி! பூச்சி, தலைப்பிரட்டை, சின்ன மீன் என்று சாப்பாடு அத்தனையும் தண்ணீருக்குள். ஆபத்து வந்தாலும் பெரும்பாலும் பறக்காது. ஒரே முங்கு!

வீடும் தண்ணீரில்தான். நீர்ச்செடிகளையும் அழுகின தண்டுகளையும் குவித்து, நாணலிலோ கோரையிலோ பிணைத்த மிதக்கும் கூடு. கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளை ஈரத் தழையால் மூடிவிடும். காக்காய்க்குப் பார்த்தால் வெறும் குப்பை! அந்தக் கறை பட்டு வெள்ளை முட்டைகள் நாளாவட்டத்தில் காபி நிறமாகிவிடும். குஞ்சுகளுக்கு அப்பா, அம்மா இருவர் முதுகிலும் இலவச சவாரி.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒரு நைலான் வலை முன்னால் செல்லாது. மடகாஸ்கரின் அலாவோட்ரா ஏரியில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் ஒரு பக்கம், நைலான் வலை மறுபக்கம். போதாக்குறைக்கு நம் முக்குளிப்பானோடு இனம் கலந்து அடையாளமும் கரைந்தது. 2010-ல் அந்த இனமே அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். முங்கித் தப்பிக்கிற பறவைக்கு, முங்குகிற இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாத வலை விரித்தால் அது என்ன செய்யும்?

ஆகவே ஏரியைச் சுத்தம் பண்ணுகிறவர்களே, ஒரு ஓரமாவது கோரையை விட்டு வையுங்கள். அது ஒருத்தர் வீடு. மீன் பிடிக்கிற அண்ணன்மாரே, கிழிந்த வலையைத் தண்ணியிலேயே போட்டுட்டு வராதீங்க.

உள்ளே போனவர் மூச்சு விட மேலே வரணும், இல்லையா?