மலிவு மதர்போட்டும் ஓவர்குளொக் ஆசையும்

"நானா, ஓவர்குளொக் பண்ணக்கூடிய மலிவான மதர்போட் ஒன்று இருக்கா?" என்று கேட்டு வரும் வாலிபர்கள் கொம்பியூட்டர் கடைக்காரர்களுக்குப் புதியவர்கள் அல்லர். புரொசஸரை அதன் கொம்பனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட வைத்து, குறைந்த காசுக்குக் கூடுதல் வேலை வாங்கப் பார்க்கிறார்கள். வியாபாரிகளாகிய எமக்கு இந்த எண்ணம் விளங்காததல்ல. ஆனால் பல கடைகளில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் சரியில்லை என்பதே என் கருத்து.

ஒரு காலத்தில் இந்த ஆசைக்கு நல்ல காரணம் இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரோன் 300ஏ புரொசஸரை 149 டொலருக்கு வெளியிட்டது. அப்போது வந்த 450 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2 இன் விலை 669 டொலர். எபிட் பிஎச்6 போன்ற மதர்போட்டில் பஸ் வேகத்தை 66 இலிருந்து 100 ஆக மாற்றினால், அந்த 300 பல வேளைகளில் 450 இல் ஓடியது. அதே தொண்ணூறுகளில் ஒரு கள்ள வியாபாரமும் நடந்தது. குறைந்த வேகப் புரொசஸரின் மேலுள்ள எழுத்தை அழித்து, கூடிய வேகத்தை அச்சிட்டு விற்றார்கள். புரொசஸர்களின் வேகப் பெருக்கத்தை இன்டெல் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று பூட்டும் திறப்பும் சிப்செட்டின் எழுத்தில் இருக்கின்றன. இன்டெல்லில் 'கே' புரொசஸருடன் 'இஸட்' வரிசைப் போட்டும் வேண்டும். 'பி' வரிசையில் மெமரியின் வேகத்தை மட்டுமே கூட்டலாம், அதுவும் 2021 இன் பி560 இலிருந்துதான். ஏ.எம்.டி.யில் பி450, பி550, பி650 ஆகியவை இடம் கொடுக்கும்; ஏ320, ஏ520 கொடுக்கா. ஆகவே மலிவுக்காரருக்கு ஏ.எம்.டி.யின் 'பி' வரிசையே வழி. 'கே' புரொசஸரையும் இன்டெல் 'பி' போட்டையும் சேர்த்து "ஓவர்குளொக் செட்" என்று விற்பவர் அந்த எழுத்தழித்த ஆளுக்குத் தூரத்துச் சொந்தக்காரர்தான்.

எழுத்து சரியாக இருந்தாலும் போதாது. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சமாக இறக்கிப் புரொசஸருக்குக் கொடுப்பது மதர்போட்டின் வேலை. 1.25 வோல்ட்டில் 100 வொட் என்றால் 80 அம்பியர் ஓட வேண்டும். வேகத்தை 10 வீதமும் வோல்ட்டை 10 வீதமும் கூட்டினால் சூடு ஏறத்தாழ 33 வீதம் கூடும். இதைத் தாங்கும் பகுதி புரொசஸர் சொக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலை குறைந்த போட்டில் கொம்பனிக்காரன் முதலில் கை வைப்பதும் அங்கேதான். அதன் மேல் கனமான அலுமினியத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். கலர் லைட்டும் பெட்டியிலுள்ள படமும் சூட்டைக் குறைக்கா. ஏசி இல்லாத கொழும்பு அறையின் சூடே 30 பாகை. அந்தப் பகுதி கொதித்தால் பல போட்கள் தாமாகவே புரொசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அப்படியே போய்விடும்.

இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். இப்போதைய புரொசஸர்கள் இடம் கிடைத்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. கையால் கூட்டிக் கிடைக்கும் மிச்சம் கொஞ்சம்தான். ஓவர்குளொக் செய்ததால் வரும் சேதத்துக்குப் புரொசஸர் கொம்பனியின் வொரண்டியும் பொதுவாகக் கிடையாது. ஆகவே போட்டுக்குக் கூட்டிக் கொடுக்கும் காசை ஒரு படி மேலான புரொசஸரில் போடுவதே பெரும்பாலானோருக்கு இலாபம். விற்பவருக்கு ஒரு சாமான் குறையும் என்றாலும் இதைச் சொல்லிவிடுவதே முறை. கடைக் கணக்கு எழுதும் கொம்பியூட்டரில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

பழைய பி450 போட் வாங்குபவர்கள், தங்கள் புரொசஸரை அதிலுள்ள பயோஸ் ஏற்குமா என்று கொம்பனியின் பட்டியலில் பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும். முடிந்தால் கடையிலேயே முழுப் பாரத்தில் அரை மணித்தியாலம் ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.