பூநாரை வந்த நாளை யார் குறித்து வைத்தோம்?

பரந்தன் சந்தித் தேநீர்க் கடையில் ஒவ்வொரு மாரிக்கும் கேட்கிற பேச்சு: "முந்தி மாதிரி இப்ப பறவையள் வாறேல்லை. வந்தாலும் பிந்தித்தான்." நாமும் தலையாட்டுவோம். அதையே வகுப்பில் சொன்னபோது, "எந்த வருஷத்தில இருந்து சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பதில் இல்லை.

சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்கா. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கின் குளிருக்குத் தப்பி ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் இங்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. பூநாரையோ மாதத்தை விடத் தண்ணீரைத்தான் பார்க்கும். தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடித்துத் தின்னும் பறவை அது. பெருமழைக்கு இரணைமடுவின் வான்கதவு திறந்தால் அந்த நீர் கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளம் களப்புக்குத்தான் வருகிறது. ஆழம் கூடினால் பூநாரை வேறு இடம் தேடும். ஆகவே ஒரு வருடம் காணவில்லை என்பதற்காகக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பல வருடக் குறிப்பு வேண்டும்.

அது ஏன் நம்மிடம் இல்லை? 1990இல் எங்கள் முஸ்லிம் குடும்பங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. 2008, 2009இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. பறவைகள் வந்துபோன பல மாரிகளில் பார்க்க நாம் இங்கு இல்லை. அது நம் குற்றமல்ல. திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் எழுதாமலிருப்பது நம் குற்றம்தான்.

மன்னார் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமானது. 2024இல் அதில் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவித்து வர்த்தமானி வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நாளை நம் களப்போரம் இப்படியொரு திட்டம் வந்து, "இங்கு பறவை அவ்வளவு இல்லை" என்றால், நாம் எதைக் காட்டுவோம்?

ஒரு கொப்பி போதும். திகதி, இடம், பறவை, ஏறக்குறைய எத்தனை, தண்ணீர் கணுக்காலளவா முழங்காலளவா. பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. நம் எண்ணிக்கையும் அதில் சேரட்டும்.

இன்னொன்று: படத்துக்காக மோட்டார் சைக்கிளைச் சேற்றில் இறக்கிக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். தின்ன வந்த பறவையைப் பட்டினியாகப் பறக்க வைக்கிறோம்.

இந்த மாரியில் முதல் பூநாரையைக் காண்பவர் கீழே திகதியும் இடமும் போடுங்கள். கொப்பியின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.