மெட்டுக்கு மேலே ஒரு பருவம்

பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குப் பேருந்தில் வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய சி.பி.ஏ. கல்லூரி உண்டு. 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி உண்டு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையமும் உண்டு. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம். பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம். ஒரே பயிரைச் சுற்றி இவ்வளவு படிப்பும் இவ்வளவு வியாபாரமும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிய வட்டாரம் அதிகம் இருக்காது. ஆனால் இவற்றில் ஓர் இடத்தில் சம்பளம் வாங்குபவர் இன்னோர் இடத்தில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தார் என்று கேள்விப்படுவது அபூர்வம்.

வந்து போகிறவர்கள் நிறையப் பேர். கருத்தரங்குக்கு வருகிறார்கள், மண் மாதிரி எடுக்க வருகிறார்கள், கண்காட்சியைத் திறந்து வைக்க வருகிறார்கள். சாயங்காலம் கீழே இறங்கிவிடுகிறார்கள். தங்கி வேலை பார்ப்பது மாணவர்கள்தான். வேளாண் கல்லூரிகளில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கிராமத் தங்கல் திட்டம் இருக்கிறது. தேனி மாவட்டத்து ஊர்களில் கோயில் முன்னாலோ பள்ளிக்கூட மைதானத்திலோ கலர் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போட்டு, கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே, யார் வீட்டில் எத்தனை மாடு என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பும் இருபது வயதுப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அருமையான ஏற்பாடு. இருபது வயதில் கட்டாயமாக இருப்பது, நாற்பது வயதில், கையில் ஆய்வுக்கூடமும் பாடத்திட்டக் குழுவில் ஓர் இடமும் இருக்கும்போது, ஏன் இல்லாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே பணம் ஒதுக்குகிறது. மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி பெயரில் நடக்கும் பணியாளர் பரிமாற்றத் திட்டத்தில், பல்கலைக்கழகத்தில் இருப்பவர் ஒரு நிறுவனத்துக்கும், நிறுவனத்தில் இருப்பவர் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை போகலாம். எனக்கு மிகவும் பிடித்தவை அதில் இரண்டு. போகிறவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; ஆய்வக உதவியாளரும் அலுவலக ஊழியரும்கூடப் போகலாம். போனவர் தன் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், கற்றதை அங்கே இறக்கி வைக்க வேண்டும். நல்ல ஆளை ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது இதில் நடக்காது.

நம்மிடமும் திட்டங்கள் உண்டு, குறை சொல்லக் கூடாது. மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்களில் ஆய்வு செய்ய ‘டேர்’ என்ற திட்டம் இருக்கிறது: மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆய்வு நிதி, சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள தொழில்துறையினரை, பட்டம் இல்லாவிட்டாலும், ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ என்று வகுப்பறைக்குள் கொண்டுவர வழி செய்தது. பொறியியல் ஆசிரியர்களைத் தொழில் நிறுவனங்களுக்கு அனுப்ப ஏ.ஐ.சி.டி.இ.யும் அண்மையில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. இவை எல்லாம் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். ஆசிரியர் தன்னைவிடப் பெரிய இடத்துக்குப் போகிறார். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர் கல்லூரிக்கு வருகிறார். பூப்பாறையில் ஒரு ஏலக்காய் ஸ்டோருக்கு ஒரு ஆசிரியரை அனுப்புவதோ, அந்த ஸ்டோரில் முப்பது வருஷம் தீ போட்டவரைக் கல்லூரிக்கு அழைத்து வருவதோ இந்த விதிகளை எழுதியவர்களின் மனதில் வந்திருக்குமா?

ஸ்டோர் என்பது கடை அல்ல. காய் உலர்த்தும் கட்டடம். அங்கே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பறித்த பச்சைக்காயைக் கழுவித் தட்டுகளில் பரப்பி, கீழே குழாய் வழியாகச் சூட்டை ஓடவிட்டு, 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்து ஏறக்குறைய ஒரு பகலும் ஒரு இரவும் உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ கிடைக்கும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் காய் புழுங்கிவிடும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் விலை கிடையாது. முதல் சில மணி நேரம் அறையை அடைத்து வைத்து, காயிலிருந்து நீர் கிளம்பியதும் மேலே உள்ள சன்னல்களைத் திறந்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். எப்போது திறப்பது என்பதில்தான் ஒரு லோடின் விலையே இருக்கிறது.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஸ்டோரில் ஒரு ராத்திரி இருந்தேன். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கியது. மேஸ்திரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே போய் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தார், விரலால் உருட்டினார், மூக்குக்குக் கொண்டுபோனார், சுவரைத் தடவினார். “சுவரு வேர்க்குது பாருங்க சார். இப்பத் தொறக்கணும். அரை மணி பிந்துனா அடித்தட்டு வெளுத்துரும்” என்றார். ஏன் அடித்தட்டு மட்டும், மேல்தட்டு ஏன் இல்லை என்று கேட்டேன். “அதான் எனக்கும் தெரியல. எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு” என்றார்.

காற்றோட்டமும் வெப்பப் பரிமாற்றமும் பாடமாக நடத்துகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விருந்து! ஒரே அறைக்குள் தட்டுக்குத் தட்டு ஈரம் எப்படி மாறுகிறது, எவ்வளவு விறகு வீணாகப் புகைபோக்கி வழியாகப் போகிறது, விறகை விட்டு மின்சாரத்துக்கோ கேஸுக்கோ மாறிய ஸ்டோர்களில் என்ன மிச்சம், என்ன நஷ்டம். இதை ஒரு நாள் பார்த்துவிட்டு எழுத முடியாது. ஆடி மழையில் பறித்த காய் ஒரு மாதிரி உலரும், மார்கழிப் பனியில் பறித்தது வேறு மாதிரி. ஆள் பருவம் முழுக்க அங்கே இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்து அறிவுரை மலையில் ஏன் நடப்பதில்லை என்பதற்கும் அங்கேதான் விடை கிடைக்கும். ஏலப்பூ விடியலில் விரிகிறது. அன்றைக்கே தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பூ உதிர்ந்துவிடும். ஆகவே காலையில் தேனீ பறக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள், மத்தியானத்துக்கு மேல் அடியுங்கள் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் யோசனை. மிகச் சரியான யோசனை. இதை ஒரு தோட்டத்தில், தூரைச் சுற்றிக் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த போடி அக்கா ஒருவரிடம் சொன்னேன். கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “மூணு மணிக்கு ஜீப்பு கெளம்பிருது தம்பி. அதுக்கு முன்னாடி மழை பிடிச்சுக்கிருது. மத்தியானத்துக்கு மேல யாரு அடிக்கிறது?” விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஆளை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பின் நேரம்தான் அந்த மலையின் நேரம். தேனீயின் நேரமும் ஜீப்பின் நேரமும் மோதுகின்றன என்று எந்தப் பிரசுரத்திலும் நான் படித்ததில்லை. ஒரு மாதம் அந்த ஜீப்பில் போய் வந்த விஞ்ஞானி இருந்தால், அடிப்பவர்களுக்கு மட்டும் தனி வண்டியும் தனிக் கூலியும் என்று ஒரு யோசனையாவது பிறந்திருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2023 ஜனவரியில் சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயசத்துக்குப் போட்ட ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. பின்னால் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆனால் மருந்து அடிக்கும் பழக்கம் நீதிமன்றத்தில் மாறுகிற விஷயமா? இலைப்பேன் கடித்த காயில் சொறி விழுகிறது, சொறிக்காய்க்கு விலை பாதியாகிறது, கடனில் இருக்கும் விவசாயி பயத்தில் இன்னொரு தடவை அடிக்கிறார். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன பயிர், அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிய பயிர், 2024 கோடையில் செடியோடு காய்ந்த பயிர். இந்தப் பயத்தை அருகில் இருந்து பார்த்தவர் எழுதும் பரிந்துரை வேறு மாதிரி இருக்கும்.

அறிவு கீழே உள்ள கல்லூரியிலிருந்து மலைக்குத்தான் ஏறும் என்று நினைப்பவர்களுக்கு ஞள்ளானியை நினைவூட்டுகிறேன். இன்று இடுக்கி மலைகளின் பெரும்பகுதியில் நிற்கும் ‘ஞள்ளானி பச்சைத் தங்கம்’ என்ற ரகம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறக்கவில்லை. கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் மற்றதைவிடச் செழிப்பாகக் காய்த்த செடியைக் கண்டு, அதைப் பிரித்து வளர்த்து, பல வருஷம் பொறுமையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரைப் பாராட்டியது. பாராட்டும் விருதும் சரி. அவர் செடியைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பயிர்ப்பெருக்க மாணவர்கள் முன்னால் ஒரு செமஸ்டர் முழுக்க நின்று சொல்ல, அந்த மாதங்களில் அவருடைய தோட்டத்து வேலைக்கு ஆள் கூலியோடு, ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் ஒரே ரகத்தை மலை முழுக்க நட்டால் நோய்க்கு என்ன ஆகும் என்று கேட்கும் ஒரு தாவரவியலாளர் அந்தத் தோட்டத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மற்றவருடைய கேள்வி தேவை.

பணத்துக்கு வருகிறேன். இப்படிப் பேசும்போது எல்லோரும் பயணப்படியும் தங்கும் செலவும் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஆசிரியரைக் கட்டிப் போடுவது வகுப்புதான். அவர் காய்ப் பருவத்தின் ஒன்பது மாதமும் போனால் அவருடைய பாடம் பக்கத்து அறைக்காரர் தலையில் விழும். துறைத் தலைவர் எப்படி அனுமதிப்பார்? எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளர் கோடை விடுமுறையில் சொந்தக் காசில் மலையில் தங்கி வேலை செய்தார். ஜூனில் உண்மையான காய்ப் பருவம் தொடங்கியபோது கல்லூரியும் தொடங்கிவிட்டது. திரும்பி வந்துவிட்டார். தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒன்பது மாதத்துக்கு 2,25,000. அந்தச் சம்பளமே குறைவு, கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது தனி வழக்கு. கூட்டிக் கொடுத்தாலும் ஒரு ஆசிரியரை விடுவிக்க ஆகும் செலவு ‘டேர்’ திட்டத்தின் ஓராண்டு ஆய்வு நிதியைத் தாண்டாது.

மேஸ்திரியையோ காய் எடுக்கும் அக்காவையோ கீழே அழைக்கும்போது கணக்கு இன்னும் கவனமாகப் போட வேண்டும். கூலியை மட்டும் ஈடு செய்தால் போதாது. வேலை நாட்கள் விட்டுப்போனால் போனஸ் குறையும், பி.எஃப். விட்டுப்போகும், திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பார். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருக்கும் மலையில் இந்தப் பயம் நியாயமானது. ஆகவே பணித் தொடர்ச்சிக்கு எழுத்தில் உறுதி வேண்டும். வகுப்பில் அவரைக் காட்சிப் பொருளாக நிறுத்தவும் கூடாது. பறிக்க ஏற்ற கரிங்காய்ப் பருவம் எது, இன்னும் பத்து நாள் விட வேண்டிய காய் எது என்று சரத்தைத் தொட்டுச் சொல்லும் அந்தப் பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும் அதிகாரம் கொடுங்கள். அவர் பெயர் விடைத்தாளில் கையெழுத்தாக இருக்கட்டும்.

தோட்ட முதலாளி காசில் தங்கிய ஆசிரியர் முதலாளிக்குச் சாதகமாகத்தானே எழுதுவார் என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான சந்தேகம். அதனால்தான் பணம் பொதுப்பணமாக இருக்க வேண்டும் என்கிறேன். தங்கும் இடம் பெரிய எஸ்டேட்டாக மட்டும் இல்லாமல் இரண்டு மூன்று ஏக்கர்க்காரர்களின் சங்கமாக, தொழிற்சங்க அலுவலகமாக, மகளிர் குழுவாகவும் இருக்க வேண்டும். பொதுப்பணம் வெளி அமைப்பில் போய் உட்காருவது நமக்குப் புதிதும் அல்ல. தேனி மாவட்டத்தின் வேளாண் அறிவியல் மையத்தையே காமாட்சிபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனம்தான் நடத்துகிறது. பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்துடையது. மாநில எல்லையைத் தாண்டுவது காகிதத்தில்தான் சிக்கல். காயும் கூலியும் லோடும் தினமும் தாண்டுகின்றன.

வருகிற ஜூனில் ஒரே ஒரு ஜோடியோடு தொடங்கலாம். போடி அரசு பொறியியல் கல்லூரியிலிருந்து ஓர் இயந்திரவியல் ஆசிரியர் மெட்டுக்கு மேலே ஒரு ஸ்டோருக்கு. பருவம் முடிந்து தீ அணைந்ததும் அந்த ஸ்டோரின் மேஸ்திரி மார்ச்சில் கல்லூரிப் பட்டறைக்கு, முழுச் சம்பளத்தோடு. கௌரவ விரிவுரையாளரின் ஊதியத்தை உயர்கல்வித் துறையும், மேஸ்திரியின் சம்பளத்தை ஸ்பைசஸ் போர்டும் ஏற்கட்டும். அடித்தட்டு ஏன் முதலில் வெளுக்கிறது என்ற கேள்வியை இருவரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளட்டும்.