கேட்கவே வேண்டாமென்று முடிவு கட்டிவிட்டீர்களா?

தேசத்துக்கு எங்கள் மண் வேண்டுமாம். இன்று நேற்றா வேண்டியிருக்கிறது? 1909-ல் இங்கிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அன்று ஐரோப்பாவின் காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. இன்று மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் காந்தம் வேண்டும், அதற்கு எங்கள் மணலில் கிடக்கிற மோனசைட் கனிமத்தில் உள்ள அரிய மண் தனிமங்கள் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதியை இறுக்கிய பிறகு அவசரம் இன்னும் கூடிவிட்டது.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று மணல் தோண்ட 1,144 ஹெக்டேர் கேட்கிறார்கள். 2024 அக்டோபர் 1-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றார்கள். கரையே கொதித்தது. தள்ளிவைத்தார்கள். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த எங்களுக்கு 2025 செப்டம்பர் 8-ல் பதில் வந்தது. அணுக் கனிமமும் முக்கியக் கனிமமும் தோண்டுகிற சுரங்கங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

2006-ஆம் வருசத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நேரில் பேச எங்களுக்கென்று வைத்திருந்தது அந்த ஒரு கூட்டம்தான். அதில் பேசினால் சுரங்கம் நின்றுவிடும் என்று நம்புகிற அளவுக்கு நாங்கள் பச்சைப்பிள்ளைகள் இல்லை. மைக்கைப் பிடித்துக் கத்துவோம், அதிகாரி எழுதிக்கொள்வார். ஆனால் எழுதியே ஆக வேண்டும் அல்லவா? அந்தத் தாள் கோப்பில் கிடக்கும். நாளைக்கு நீதிமன்றத்தில் எடுத்து நீட்டலாம். அதையும் பிடுங்கிக்கொண்டு, "எங்களை நம்புங்கள்" என்கிறீர்கள்.

எதை வைத்து நம்ப? ஏற்கெனவே தோண்டிய குழியை மூடிவிட்டோம் என்கிறீர்களே, எந்தக் குழியை, எந்தத் தேதியில், எந்த மண்ணைக் கொண்டு மூடினீர்கள் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இந்த மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். கேரளத்தில் கருநாகப்பள்ளியில் பல வருசம் ஆராய்ந்து, அதனால் புற்றுநோய் கூடவில்லை என்று சொன்னார்கள். சரி, அது அந்த ஊர்க் கணக்கு. திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பஸ் ஏறுகிறவர்களை எங்கள் ஊர்களில் வீடு வீடாக எண்ணி, எங்கள் கணக்கையும் வையுங்கள். கூடவில்லை என்று வந்தால் எங்களைவிடச் சந்தோசப்படுகிறவர் யார்? கேள்வி கேட்டாலே வளர்ச்சிக்கு எதிரி என்கிறீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் எங்கள் மாவட்டத்தில்தான் சுற்றுகின்றன, அவற்றை நாங்கள் பிடித்தா நிறுத்தினோம்?

கரை என்றால் உங்களுக்குக் கனிமப் படிவம். கரமடி இழுக்கிறவனுக்குக் கால் ஊன்ற மணல் வேண்டும். நெத்திலி காயப்போட மணல் வேண்டும். ஏற்கெனவே கடல் வருசா வருசம் தின்கிறது, தூண்டில் வளைவு போடுங்கள் என்று மனு கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் பிணம் எடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டைக் குறைக்கலாமா என்று அவர்களிடம் கேளுங்கள் முதலில்.

குறிப்பாணையைக் கிழித்துப் போடுங்கள். கூட்டத்தை எங்கோ அலுவலக மாடியில் வைக்காமல், எங்கள் குருசடி முன்னால் வையுங்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தமிழில், ஒரு மாதம் முன்னமே கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாருங்கள், அன்றைக்கு நாங்கள் கடலுக்குப் போக மாட்டோம்.