காலையில் ஸ்ரார்ட் ஆகாத கார்

எங்கட வயதுப் பெற்றோருக்கு இப்போது ஒரு புதுத் தலையிடி. பிள்ளைகள் லைசென்ஸ் எடுத்துவிடுகிறார்கள், அவர்களுக்கென்று ஒரு பழைய காரும் வாசலுக்கு வந்துவிடுகிறது. (வசதி இருந்தாலும் முதல் காரைப் புதிதாக வாங்கிக் கொடுக்கக்கூடாது என்பது என்ர கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.) பழைய கார் என்றால் ஒரு நாள் காலையில் ஸ்ரார்ட் ஆகாது. ரொறன்ரோவில் என்றால் அந்த நாள் பெரும்பாலும் தை மாதத்தில்தான் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்பதுதான் இந்த மாதக் கதை.

எங்கள் வீட்டில் நிற்பது 2008ஆம் ஆண்டுக் கொறொல்லா. பதினேழு வயது மகன் சனி ஞாயிறு காலை ஆறு மணி வேலைக்கு அதில்தான் போகிறான். ஒரே மாதத்தில் அது இரண்டு தரம் ஸ்ரார்ட் ஆகாமல் நின்றது. இரண்டு தரமும் ஜம்ப் கொடுத்ததும் உடனே பிடித்துக்கொண்டது. காட்டப்போன கராஜில் பற்றறியும் ஒல்ரனேற்றரும் மாற்ற வேண்டும், ஆயிரத்து நூறு டொலர் வரும் என்றார்கள். மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சரியான பதில் வரவில்லை. அது மகனின் சேமிப்பு முழுவதும். "அம்மா, காரை வித்திடுவம்" என்றான்.

நான் மாமாவைக் கூப்பிட்டேன். அம்மாவின் தமையன், வயது 76. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, பற்றாது. அதனால் கிடைத்த கொஞ்சப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பாட்ஸ் கிடைக்காத ஊரில் கார் திருத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது பழுது என்று தெரியாமல் ஒன்றையும் கழற்ற மாட்டார்கள்.

வந்தவர் பொனெற்றைக்கூடத் திறக்கவில்லை. "திறப்பைத் திருப்பு தம்பி, முதல் சத்தத்தைக் கேப்பம்" என்றார்.

சத்தத்தில் பாதி விடை இருக்கிறது. எஞ்சின் நல்ல வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் பற்றறியில் குற்றமில்லை; எரிபொருளோ தீப்பொறியோ போய்ச் சேரவில்லை. லைற் பிரகாசமாக எரிய ஒரேயொரு "டக்" கேட்டு நின்றால் ஸ்ராட்டர் மோட்டரைச் சந்தேகிக்கலாம். "டிக்டிக்டிக்" என்று வேகமாக அடித்தால் ஸ்ராட்டருக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. எங்கட கார் டிக்டிக்டிக்.

இதைக் கேட்டதும் எல்லாரும் பற்றறி வாங்க ஓடுகிறார்கள். பலமுறை அது சரியும்கூட. குளிர் -18 பாகைக்கு இறங்கினால் பற்றறியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் ஓடுவதற்கு முன் இருபத்தைந்து டொலர் மல்ரிமீற்றரால் அளக்கலாம். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் இருந்தால் பற்றறி நிறைந்திருக்கிறது. 12.0 என்றால் பெரும்பாலும் வெறுமை. ஸ்ரார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றறி பலமிழந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் அளவில் நின்றால் ஒல்ரனேற்றர் வேலை செய்கிறது.

எங்களுக்கு 12.5 காட்டியது. மகன் திறப்பைத் திருப்பியபோதும் 11.9க்கு மேல்தான் நின்றது. பற்றறியில் பலம் இருக்கிறது, ஆனால் யாரும் அதை எடுக்கவில்லை! மாமா மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸ் கம்பத்திலும் மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, "இப்ப திருப்பு" என்றார். 1.8 வோல்ற். அங்கே 0.2க்கு மேல் காட்டக்கூடாது. எஞ்சினுக்குப் போகும் மைனஸ் கேபிள்தான் வழியை மறிக்கிறது.

ஜம்ப் கொடுத்தால் பிடித்த காரணமும் அப்போதுதான் விளங்கியது. ஜம்ப் பண்ணும்போது கறுப்பு வயரின் கடைசி முனையைப் பற்றறியில் கொழுவாமல் எஞ்சின் உலோகத்தில் கொழுவுவோம். நாங்கள் பற்றறிக்கு உதவி செய்ததாக நினைத்தோம். உண்மையில் பழுதான கேபிளைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கொடுத்திருந்தோம்.

கேபிளின் கீழ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உள்ளே பாதிக் கம்பி அறுந்திருந்தது. பனிக்கு றோட்டில் கொட்டுகிற உப்பின் வேலை. புதுக் கேபிள் 22 டொலர். கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும், பூட்டும்போது கடைசியாகப் பூட்ட வேண்டும். மாறிச் செய்தால் பிளஸ் முனையில் இருக்கிற ஸ்பானர் காரின் உடம்பில் முட்டித் தீப்பொறி பறக்கும். பூத்துப்போன முனைகளுக்கு அப்பச்சோடாவும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போதும். அப்பம் சுட வைத்திருந்ததைத்தான் எடுத்தோம்.

"சுரையை இறுக்கு" என்றார் மாமா. மகன் என்னைப் பார்த்தான். "சுரைக்காயா, அம்மா?" சிரிப்பு அடங்கின பிறகு நட் என்றால் சுரை என்று அவனுக்கு விளங்கியது. எனக்கும் அந்தச் சொல் அன்றைக்குத்தான் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதெல்லாம் எங்கே வந்தது?

பூட்டி முடித்து மறுபடி அளந்தோம். மைனஸ் பக்கம் 0.1. எஞ்சின் ஓடும்போது 14.2. ஒல்ரனேற்றருக்கு ஒரு குறையுமில்லை. பற்றறிக்கு ஐந்து வயது, அடுத்த பனிக்கு முன் மாற்றத்தான் வேண்டும். அது மகனே சொன்னது.

எஞ்சின் லைற் எரிகிற கார்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 1996 முதலும் கனடாவில் 1998 முதலும் வந்த கார்களில், ஐரோப்பாவில் 2001 முதல் வந்த பெற்றோல் கார்களில், ஸ்ரியறிங்கின் கீழே ஒரு பிளக் இருக்கும். மலிவான றீடர் ஒன்றைக் கொழுவினால் ஒரு கோட் வரும். அந்தக் கோட் நோயின் அறிகுறியைத்தான் சொல்லும், எந்தப் பாட்டை மாற்று என்று சொல்லாது. பி0420 என்று வந்தவுடன் விலையான கற்றலிற்றிக் கொன்வேற்றரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் ஒக்சிஜன் சென்சர் பழுதானாலும் அதே கோட் வரலாம்.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. காற்றுப் பையின் வயர்களில் கை வைக்க வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகவே கூடாது, ஸ்ராண்ட் வேண்டும். பிள்ளையிடம் திறப்பைக் கொடுக்கும் முன் 17 எழுத்து வின் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். 2000களில் வந்த பல கார்களில் இருந்த தகாட்டா காற்றுப் பைகள் வெடித்து உலோகத் துண்டுகள் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அவற்றை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். பல கை மாறி வந்த காருக்கு அந்தக் கடிதம் உங்கள் விலாசத்துக்கு வந்திருக்காது.

மாமா அடுத்த கிழமை பிறேக் பாட் பார்க்க வருகிறார். மகன் ஸ்ராண்ட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறான், தன்ர காசில்.